பேசினால் காக்கலாம்
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

மகரந்தச் சேர்க்கையைப் படம் வரைந்து விளக்கும் நம் வகுப்பறைகளில், மனித உடலைப் பற்றிய பாடம் வந்ததும், "வீட்டில் படித்துக் கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டி விடுவதுண்டு. வீட்டிலோ சொல்லித் தர ஆளில்லை. இந்த மௌனமே தீங்கு செய்பவனுக்குத் துணை.

மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 53 விழுக்காட்டுக் குழந்தைகள் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் சிறுவர்கள்! தீங்கிழைத்தோரில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்களே. ஆகவே, "முன்பின் அறியாதவரிடம் போகாதே" என்ற எச்சரிக்கை மட்டும் போதாது.

பள்ளியில் சொல்ல வேண்டியவை எவை? உன் உடல் உனக்கே உரியது. பெரியவரானாலும் "வேண்டாம்" என்று சொல்லலாம். "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவர் மிரட்டினால், அதையே முதலில் சொல்ல வேண்டும். நடந்தது உன் குற்றமன்று. பெண்களுக்கு மட்டும் அறிவுரை கூறிப் பயனில்லை. ஒருவர் மறுத்தால் விலகி நிற்க மாணவர்களும் கற்க வேண்டும்.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் காக்கிறது. குற்றம் நடந்ததை அறிந்த பெரியவர்கள் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் மறைத்தால் அதுவும் குற்றமே. "பள்ளியின் பெயர் கெடும்" என்பது சாக்காகாது. வாக்குமூலம் பெற வரும் காவலர் சீருடையில் வரக்கூடாது. குழந்தையின் பெயரை வெளியிடக்கூடாது. 1098 என்ற எண்ணை இலவசமாக அழைக்கலாம்.

நண்பர்களே! நம் குடும்பங்களில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவர்கள் நம்மில் பலர். தம்பி தங்கையர் பாடத்தில் ஐயம் கேட்பது நம்மிடந்தான். இதையும் நாமே சொல்வோம்!