நாக்கைக் கேட்டால் லாபம்

ஹாங்காங்கில் ஷாம் ஷுய் போ சந்தைக்கு எங்கள் மாடிப் பாட்டியோடு போவேன். 'போ போ' என்றுதான் அவரைக் கூப்பிடுவேன், அங்கே பேசும் கான்டனீஸ் மொழியில் பாட்டி. கறிக்கடையில் அவர் பன்றி நாக்கை 'லேய்' என்று கேட்பார். நாக்குக்குப் பழைய சொல் 'சிட்'. நட்டத்துக்கும் அதே ஒலி. வியாபாரம் நடக்கும் இடத்தில் நட்டத்தை உச்சரிக்கலாமா? அதனால் லாபம் என்று பொருள்படும் 'லேய்' நாக்குக்குப் பெயராயிற்று. இறைச்சியைக் குறிக்கும் கூறு சேர்த்து அதற்குத் தனி எழுத்தும் உண்டாக்கிவிட்டார்கள்.

காலிக்கும் அமங்கலத்துக்கும் ஒலி ஒன்றே: 'ஹுங்'. ஆகவே வாடகைக்கு இருக்கும் காலி வீட்டை விளம்பரத்தில் 'மங்கல வீடு' என்றே எழுதுகிறார்கள். சுடுகாட்டை நன்காடு என்பதை மங்கல வழக்கு என்று நம் இலக்கணம் சொல்கிறதே, அதேதான். கான்டனீஸில் ஒரே ஒலிக்குப் பல சொற்கள் உண்டு என்பதால் இந்த எச்சரிக்கை அதிகம். தொனி மாறினாலும் வேறு சொல்தான்: 'சி' என்ற அசையை ஆறு தொனிகளில் சொன்னால் கவிதை, வரலாறு, முயற்சி, நேரம், சந்தை, விஷயம் என்று பொருள் மாறிக்கொண்டே போகும்.

சந்தை முடிந்தால் 'சா சான் தெங்', அதாவது ஹாங்காங்கின் டீக்கடை உணவகம். மொழி படிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. 'ஜௌ' என்றால் ஓடு. 'ஜௌ பிங்' என்றால் ஐஸ் வேண்டாம். பாலும் சர்க்கரையும் இல்லாத காபிக்கு 'மணல் பறக்க, பால் ஓட' என்பார்கள். மணல் இங்கே சர்க்கரை. பரிமாறுபவர் 'லெங் ஜை', அழகான பையன், என்று உள்ளே குரல் கொடுத்தால் வெறும் வெள்ளைச் சோறு வரும்.

வேலையை விட்டுத் தூக்கினால், 'கணவாய் மீனை வதக்கிவிட்டார்கள்' என்பது வழக்கு. வாணலியில் போட்ட கணவாய் சுருண்டுகொள்ளும். அந்தக் காலத் தொழிலாளி வேலையிடத்திலேயே தங்குவார். வேலை போனால் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார். சமையலறைச் சொல்லுக்குள் இவ்வளவு துயரம் இருப்பது தெரிந்தபின் நான் அதை விளையாட்டாகச் சொல்வதில்லை.

'கா யௌ' உங்களுக்கே தெரிந்திருக்கலாம். எண்ணெய் ஊற்று, அதாவது விடாதே, முன்னேறு! இதன் நேர் ஆங்கில வடிவம் 2018-இல் ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் அழகு வேறொன்று. அரிசிக் கஞ்சியை அங்கே சிறு தீயில் நெடுநேரம் குழையவிடுவார்கள். மணிக்கணக்கில் போனில் பேசும் காதலர்களைப் பார்த்து, 'தொலைபேசிக் கஞ்சி காய்ச்சுகிறார்கள்' என்பார் போ போ.