தராசில் ஒரு தடுப்பூசி

1976 பிப்ரவரி தொடக்கம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவப் பயிற்சி முகாம். காய்ச்சலில் கிடந்த இளம் சிப்பாய் ஒருவர் படுக்கையை விட்டு எழுந்து இரவு நடைப்பயிற்சிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் சுருண்டு விழுந்து இறந்துபோனார். பரிசோதித்ததில் அவர் உடலில் இருந்தது பன்றிக்காய்ச்சல் வைரஸ். 1918-ல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் பலிவாங்கிய ஃப்ளூவுக்கு அது நெருங்கிய சொந்தம் என்று அன்றைய விஞ்ஞானிகள் கருதினார்கள். முகாமில் 200-க்கும் அதிகமானவர்களுக்கு அது ஏற்கெனவே தொற்றியிருந்தது.

அடுத்த மாதமே அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு, போலியோ தடுப்பு மருந்துகளைத் தந்த ஜோனஸ் சால்க்கையும் ஆல்பர்ட் சேபினையும் உடன் வைத்துக்கொண்டு அறிவித்தார்: நாட்டில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் தடுப்பூசி. அக்டோபரில் தொடங்கி, பத்து வாரங்களில் 4 கோடிப் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். ஆனால் எதிர்பார்த்த நோய் அந்த முகாமைத் தாண்டிப் பரவவே இல்லை.

வந்தது வேறொன்று. தடுப்பூசி போட்டுக்கொண்ட சிலருக்குக் கால்கள் மரத்து, வலுவிழந்து, அந்தத் தளர்ச்சி மெல்ல மேலேறியது. நம் நோய் எதிர்ப்பு ஆற்றலே நம் நரம்புகளைத் தாக்கும் கியான்-பாரே நோய்தான் அது. பெரும்பாலானோர் குணமடைந்துவிடுவார்கள், சிலர் இறந்தும்போவார்கள். கணக்குப் போட்டதில், தடுப்பூசி போட்ட லட்சம் பேரில் கூடுதலாக ஒருவருக்கு அந்த நோய் வந்திருந்தது. டிசம்பர் நடுவில் திட்டத்தை நிறுத்தினார்கள்.

இதை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியாதா? லட்சத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் பக்கவிளைவு சோதனைக் கட்டத்தில் ஒரு தடவையாவது தலைகாட்ட வேண்டுமானால், சுமார் 3 லட்சம் பேருக்கு ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் அது கண்ணில் படாமல் போக 5 சதவீத வாய்ப்பு உண்டு. எந்தப் புதிய தடுப்பூசியையும் அத்தனை பேரிடம் சோதித்துவிட்டு வெளியிடுவது அநேகமாக நடக்காத காரியம். அரிய தீங்கு ஊருக்கே போட்ட பிறகுதான் தெரியவரும்.

தெரிந்தாலும், அது ஊசியால் வந்ததா, தானாக வந்ததா என்று பிரித்தறிவது இன்னொரு கலை. அதே 1976 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரில், ஒரே மையத்தில் ஊசி போட்டுக்கொண்ட மூன்று முதியவர்கள் இறந்துவிட்டார்கள். நாடே நடுங்கியது, சில மாநிலங்கள் ஊசி போடுவதையே நிறுத்திவைத்தன. விசாரித்ததில் தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்று தெரிந்தது. அந்த வயதில், இதயக் கோளாறு உள்ளவர்களில் நாள்தோறும் இத்தனை பேர் எப்படியும் இறப்பார்கள். லட்சக்கணக்கான முதியவர்களுக்கு ஊசி போட்டால் அந்தச் சாவுகளில் சில ஊசிக்கு மறுநாளும் நிகழத்தான் செய்யும். கியான்-பாரே நோயின் போக்கு அப்படியல்ல. போட்டுக்கொண்ட இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் அது கும்பலாகத் திரண்டு நின்றது. தற்செயலாக வரும் நோய் நாள்களுக்குச் சமமாகச் சிதறிக் கிடக்குமே தவிர இப்படிக் குவியாது.

லட்சத்தில் ஒன்று பெரிதா, சிறிதா? தராசின் மறுதட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இதற்குப் பதில் இல்லை. 1918 மாதிரி ஒரு நோய் வந்திருந்தால் அந்த ஒன்று பொறுக்கத்தக்கதாகியிருக்கும். நோயே வராததால் அந்தத் தட்டு காலியாகக் கிடந்தது, எனவே நிறுத்தியது சரி. தயாரிக்கத் தொடங்கியதும் சரிதான். தயாரித்துக் கிடங்கில் வைத்துக்கொண்டு, நோய் பரவுகிறதா என்று பார்த்துப் போட்டிருக்கலாம். சேபினும் பின்னாளில் இதைத்தான் வலியுறுத்தினார். ஆனால் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2009-ல் ஹெச்1என்1 ஃப்ளூ உலகைச் சுற்றி வந்தபோது அமெரிக்காவில் தடுப்பூசி கைக்கு வந்தது அக்டோபரில். இரண்டாவது அலையும் அந்த மாதத்தில்தான் உச்சத்தைத் தொட்டது.

அந்த 2009-ல் ஐரோப்பாவில் சுமார் 3 கோடிப் பேருக்குப் போடப்பட்டது பாண்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசி. வீரியம் கூட்ட அதில் ஒரு துணைப்பொருள் சேர்த்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஃபின்லாந்தில் தூக்க நோய் மருத்துவர்களிடம் விசித்திரமான அறிகுறிகளோடு குழந்தைகள் வரத் தொடங்கினார்கள். வகுப்பில் உட்கார்ந்தபடியே உறங்கிவிடுவார்கள். நகைச்சுவை கேட்டு வாய்விட்டுச் சிரித்த கணத்தில் தாடை தொங்கி, முழங்கால் மடங்கி, முழு நினைவோடு தரையில் சரிவார்கள். நார்கோலெப்சி என்ற நோய் இது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் விழிப்பைக் காக்கும் ஓரெக்சின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் சில பத்தாயிரம்தான் இருக்கின்றன. அவை அழிந்துபோனால் விழிப்புக்கும் உறக்கத்துக்கும் நடுவே உள்ள வேலி சரிந்துவிடும். போன செல்கள் திரும்ப வருவதில்லை. பாதிக்கப்பட்டவர்கள் அநேகமாக எல்லோரிடமும் நோய் எதிர்ப்பு ஆற்றலோடு தொடர்புடைய ஹெச்எல்ஏ மரபணுவின் குறிப்பிட்ட ஒரு வகை இருந்தது. 4 முதல் 19 வயதுக்குள் தடுப்பூசி பெற்றவர்களில் சுமார் 16,000 பேருக்கு ஒருவர் என்பது ஃபின்லாந்தின் கணக்கு. ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் எண், அந்த எண்ணில் மருத்துவமனைப் பதிவும் ஊசிப் பதிவும் என்று அந்த நாடு ஒழுங்காக எழுதிவைத்திருந்ததால்தான் இந்தக் கணக்கு கிடைத்தது. ஆவணம் வைக்காத நாட்டில் அந்தக் குழந்தைகளைச் சோம்பேறிகள் என்று திட்டியிருப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

பக்கத்து நாடான நார்வேயிலும் அதே பாண்டெம்ரிக்ஸ்தான். அங்கே 1,17,000-க்கும் மேற்பட்ட கர்ப்பங்களை ஆராய்ந்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் ஃப்ளூ கண்ட கர்ப்பிணிகளின் வயிற்றில் சிசு இறக்கும் அபாயம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம் குறைந்தது; சிசு மரணம் கூடியதற்குத் தடயமே இல்லை. மருந்து ஒன்றுதான். பத்து வயதுப் பையனுக்கு ஒரு எடை, ஏழு மாதக் கர்ப்பிணிக்கு வேறு எடை. 'இந்தத் தடுப்பூசி நல்லதா?' என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. யாருக்கு, எந்த நோய்க்கு எதிராக, நோய் எவ்வளவு அருகில் வந்துவிட்ட நேரத்தில் என்று சேர்த்துக் கேட்டால்தான் மருத்துவரும் பதில் சொல்ல முடியும்.

அப்படிக் கேட்டுப் போட்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2023-ல் ஃபின்லாந்தின் நரி, மிங்க் வளர்ப்புப் பண்ணைகளில் பறவைக்காய்ச்சல் பரவியது. அடுத்த ஆண்டு கோடையில், மனிதர்களுக்கான பறவைக்காய்ச்சல் தடுப்பூசியை உலகிலேயே முதலாவதாக அந்நாடு போடத் தொடங்கியது. ஊருக்கே போடவில்லை. பண்ணைத் தொழிலாளர்கள், கால்நடை மருத்துவர்கள், வைரஸ் மாதிரிகளைக் கையாளும் ஆய்வக ஊழியர்கள் போன்ற சுமார் 10,000 பேருக்கு, ஆளுக்கு இரண்டு தவணை. 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.