தானியங்கிப் போக்குவரத்துச் சிறுமாதிரி

தானியங்கிப் போக்குவரத்துச் சிறுமாதிரி என்பது, ஓட்டுநரின்றித் தனித்தடத்தில் ஓடும் சிறுவண்டி அமைப்பு ஒன்றைக் குறைந்த அளவில் செய்து சோதிக்கும் பொறியியல் முயற்சியாகும். பல்கலைக்கழக மாணவர் குழுக்கள் இதனை மேற்கொள்வதுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் சான் ஓசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2012இல் தொடங்கிய ஸ்பார்ட்டன் சூப்பர்வே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உயர்தடத்திலிருந்து தொங்கியபடி, சூரிய ஆற்றலில் செல்லும் வண்டிகளே அத்திட்டத்தின் கருத்துரு. அதன் மாணவர்கள் 1/12 அளவில் தடமும் வண்டிகளும் அமைத்தனர்.

பின்னணி

இவ்வகையில் முன்னோடியான முழு அளவு அமைப்பு, மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுன் நகரில் 1975இல் இயங்கத் தொடங்கியது. அது பல்கலைக்கழக வளாகங்களை நகரத்துடன் இணைக்கிறது. அங்கு நிலையங்கள் முதன்மைத் தடத்தில் இல்லாமல் பக்கக் கிளைகளில் உள்ளன. எனவே ஒரு வண்டி நின்றாலும் பின்வருவது நிற்க வேண்டியதில்லை. சிறுமாதிரிகளும் பெரும்பாலும் இவ்வமைப்பையே பின்பற்றுகின்றன.

அளவு மாற்றத்தின் சிக்கல்

நீளத்தை 12இல் ஒரு பங்காக்கினால் பரப்பு 144இல் ஒரு பங்காகும். கன அளவும் அதனால் எடையும் 1728இல் ஒரு பங்காகும். ஆகவே மாதிரித் தூண்கள் தம் எடையை மிக எளிதில் தாங்கும். மாதிரி உறுதியாக நிற்பது, முழு அளவுக் கட்டமைப்பின் உறுதிக்குச் சான்றாகாது. பார்வையாளர் பலர் இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். மாதிரி உண்மையில் சோதிப்பது கட்டுப்பாட்டு முறையையே.

அதிலும் கவனம் தேவை. முழு அளவு வண்டி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சென்று, நொடிக்கு நொடி 2.5 மீட்டர் வேகம் குறைந்தால், 20 மீட்டரில் நிற்கும். வேகத்தடுப்பு மாறாதிருக்க, மாதிரியின் வேகத்தை 12இன் வர்க்கமூலத்தால், அதாவது ஏறத்தாழ 3.46ஆல், வகுக்க வேண்டும். அப்போது அது நொடிக்கு 2.9 மீட்டர் வேகத்தில் சென்று சுமார் 1.67 மீட்டரில் நிற்கும். இது 20 மீட்டரின் சரியான 12இல் ஒரு பங்கு. நேரமும் 3.46 மடங்கு சுருங்குவதால், முழு அளவில் அரை நொடியாகக் கருதப்படும் தகவல் தாமதம் மாதிரியில் 0.14 நொடியாக இருத்தல் வேண்டும். கம்பியில்லாத் தொடர்பு அரை நொடியே எடுத்துக்கொண்டால், தடுப்பு தொடங்கும் முன்னரே வண்டி 1.4 மீட்டர் கடந்திருக்கும். முன்னால் நிற்கும் வண்டியின் மீது மோத இதுவே போதும். இதனால் மோதல் தடுப்பை மையக் கணினியிடம் மட்டும் விடாமல், வண்டியிலுள்ள நுண்கட்டுப்படுத்தியிடமும் தொலைவு உணரியிடமும் ஒப்படைப்பதே சரியான வழி எனலாம்.

இடமறிதல்

சக்கரச் சுற்றுகளை எண்ணித் தொலைவைக் கணிக்கலாம். ஆயினும் சக்கர விட்டத்தில் 1 விழுக்காடு பிழை இருந்தால், 10 மீட்டர் ஓட்டத்தில் 10 செண்டிமீட்டர் தவறும். சக்கரம் வழுக்கினால் இன்னும் கூடும். தடத்தில் ஆங்காங்கே காந்தங்களைப் பதித்து, ஒவ்வொன்றையும் கடக்கும்போது கணக்கைத் திருத்துவது வழக்கம். கிளை பிரியும் இடத்திற்குச் சற்று முன்னர் ஒரு காந்தம் இருப்பது இன்றியமையாதது.

குழுப் பணி

இயந்திரவியல், மின்னியல், கணினி மாணவர்கள் இதில் இணைகின்றனர். இறுதியாண்டினர் ஆண்டுதோறும் வெளியேறுவதால் வேலை புதியவர் கைக்கு மாறுகிறது. நிரலை மட்டும் விட்டுச் சென்றால் போதாது. கம்பி இணைப்புப் படம், அளந்த சக்கர விட்டம், காந்தங்களின் இருப்பிடம், தோல்வியுற்ற சோதனைகளின் குறிப்பு ஆகியனவும் வேண்டும். இவை இல்லாத குழு, முந்தைய குழு கண்டறிந்தவற்றை மீண்டும் அளப்பதிலேயே முதல் பருவத்தைக் கழிக்க நேரிடும்.