பாலைவன எல்லையில் ஒரு மருதமுனைப் பெண்

1990 ஆகஸ்ட் 2 அதிகாலை ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது நான் அங்கே வீட்டு வேலையில் இருந்தேன். இலங்கையர் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் அப்போது அங்கிருந்தோம். எசமான் குடும்பம் சவூதிக்குத் தப்பியது. என் பாஸ்போர்ட் அவர்களுடைய அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. எங்களுக்கு மிஞ்சியது பக்தாத் வழியாக ஜோர்தான் போகும் பாதை மட்டும்.

ருவைஷித் எல்லையில் கூடாரங்கள். பகலில் தீக்காற்று, இரவில் குளிர். தண்ணீர் வண்டி வந்தால் எகிப்தியர், வங்காளதேசத்தவர், நாங்கள் எல்லாரும் ஒரே வரிசை. ஒரு சிங்களப் பெண்ணும் நானும் ஒரே போர்வைக்குள் படுத்தோம். ஆகஸ்ட் 3 அன்று எங்கள் கிழக்கிலங்கையின் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுக்கொன்ற செய்தி அங்கேதான் என் காதுக்கு வந்தது. உம்மா உயிரோடு இருக்கிறாவா என்று யாரிடம் கேட்பது? போன நாட்டிலும் யுத்தம், பிறந்த ஊரிலும் யுத்தம்.

சோமாலியாவிலிருந்து கடல் தாண்டி யேமனுக்கு ஓடியவர்களுக்கும் இதே கதிதான். 2015இல் அங்கும் போர் மூண்டது. பலர் விட்டு வந்த நாட்டுக்கே திரும்பப் படகேறினார்கள். அவர்களை நான் நன்றாக அறிவேன், ஒருவரையும் கண்டதில்லை என்றாலும்.

வெளிநாடு போகும் புள்ளைகளே, பாஸ்போர்ட்டின் பிரதி ஒன்றை உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.