கிழிகாதனும் நானும்

கடந்த நத்தார் விருந்துகளில் ஒன்றில், நான் கொண்டுபோய் வைத்த மான் இறைச்சிக் கறிதான் முதலில் முடிந்தது. மண்டபத்துக் குசினியில் நின்று சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாலிபர் கூட்டத்துப் பிள்ளை ஒருத்தி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அங்கிள், நாலு வருஷமாப் பாத்த மான் எண்டு அன்ரி சொன்னா. அதைச் சுட உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

"நான் சுடேல்லைப் பிள்ளை."

"அப்ப இந்த இறைச்சி?"

"அது பெரிய கதை" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். பெரிய கதை என்பது உண்மை. ஆனால் சொல்லக் கொஞ்சம் வெட்கமான கதை என்பதும் உண்மை. இப்போது எழுதுகிறேன்.

பரணில் ஏறிய விதம்

என் அம்மாவின் தகப்பன் வன்னியில் இடியன் துவக்கு வைத்திருந்தவர். மரை இறைச்சியை வற்றலாக்கித் தேனில் போட்டு வைப்பார். காட்டு உயிர்களைக் காக்க இலங்கையில் 1937ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. என்றாலும் காட்டோரக் கிராமங்களுக்குச் சட்டம் வெகு தூரத்தில் இருந்தது. எனக்கு வேட்டை என்றால் தாத்தாவின் கதை மட்டுமே. சென்ட் லோரன்டில் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், கூட வேலை செய்த கியூபெக்காரர் ஒருவர் என்னை ஒரு இலையுதிர் காலத்தில் காட்டுக்குக் கூட்டிப்போனார்.

இங்கே நினைத்தவுடன் துவக்கைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. துவக்குப் பாதுகாப்புப் பாடமும் வேட்டைப் பாடமும் படித்துச் சோதனை எழுத வேண்டும். துவக்கு வைத்திருக்க ஒரு அனுமதி, மானுக்கு இன்னொரு அனுமதி. காட்டில் பளிச்சென்ற செம்மஞ்சள் மேலாடை குறைந்தது 2,580 சதுர சென்ரிமீற்றராவது எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும். சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னும், மறைந்து அரை மணி நேரத்துக்குப் பின்னும் வெடி வைக்கக் கூடாது. சுட்ட மானில் உடனே அடையாளச் சீட்டைக் கட்டி, அதைப் பதிய வேண்டும். இறைச்சியைக் கொடுக்கலாம், விற்கக் கூடாது.

ஷேர்புரூக் நகருக்குத் தெற்கே, அமெரிக்க எல்லைக்குக் கிட்ட, ஒரு வயதான பால்பண்ணைக்காரர் தன் காணியில் பரண் போட எனக்கு இடம் தந்தார். மொன்றியலிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஒவ்வொரு செப்ரம்பரிலும் அவருக்கு விறகு அடுக்கிக் கொடுப்பதே நான் கட்டும் வாடகை.

பாவம் இல்லையா?

அந்தப் பிள்ளையின் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது: இவ்வளவு அழகான மிருகத்தை ஏன் கொல்ல வேண்டும்?

ஆற்றுக்கு அக்கரையில், லோங்கெய் நகரத்தில், மிஷேல் ஷார்ட்ராண் பூங்கா இருக்கிறது. அங்குள்ள வெண்வால் மான்கள் பெருகிவிட்டன என்று 2020 நவம்பரில் நகரசபை 15 மான்களைக் கொல்ல முடிவெடுத்தது. பெரிய எதிர்ப்பு எழும்பி, அந்த முடிவு நிறுத்தப்பட்டது. இரண்டு வருடத்துக்குள் மான்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. பிறகு வழக்கு, நீதிமன்றம் என்று இழுபட்டது. அத்தனை மான்களை ஒரு சிறிய பூங்கா தாங்காது. அவை இளங்கன்றுகளைத் தின்றுவிட, வயதான மரங்கள் விழும் இடத்தில் புது மரம் வளராது.

இன்னும் பெரிய பாடம் அன்ரிகோஸ்ரித் தீவில் இருக்கிறது. பிரான்ஸ் நாட்டுச் சொக்கலேற் முதலாளி ஆன்ரி மெனியே 1895இல் அந்தத் தீவை விலைக்கு வாங்கினார். தன் வேட்டைக்காக ஏறத்தாழ 220 மான்களைக் கொண்டுபோய் விட்டார். அங்கே ஓநாய் இல்லை. காலப்போக்கில் அங்குள்ள மான்கள் ஒரு இலட்சத்துக்கு மேல் பெருகின. பழச்செடிகளை மான்கள் தின்று முடிக்க, முன்பு அங்கே நிறைய இருந்த கருங்கரடி இனம் இல்லாமலே போயிற்று.

சென்ட் லோரன்ஸ் ஆற்றுக்குத் தெற்கே ஓநாய்கள் அழிந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. ஓநாயை அழித்தது மனிதன். அது செய்த வேலையில் ஒரு பங்கை இப்போது செய்வதும் மனிதன்தான். உபாகமம் 14ஆம் அதிகாரத்தில் புசிக்கத்தக்க மிருகங்களின் வரிசையில் மானும் இருக்கிறது. அதனால் வேட்டையே பாவம் என்று நான் நினைக்கவில்லை. என்னுடைய பாவம் வேறு இடத்தில் இருந்தது.

நான்கு இலையுதிர் காலங்கள்

2018 நவம்பர். பரணுக்குக் கீழே ஒரு இளம் கலை வந்து நின்றது. (ஆண்மானைக் கலை என்றும் பெண்மானைப் பிணை என்றும் தமிழில் சொல்வார்கள்.) பக்கத்துக்கு இரண்டு கிளைகளாகச் சிறிய கொம்பு. இடது காது நுனியிலிருந்து பாதி வரை கிழிந்திருந்தது. முள்ளுக்கம்பியோ, கொயோற்றியோ, தெரியாது. கொம்புள்ள மானைச் சுடுவதென்றால் ஒரு பக்கக் கொம்பிலாவது 2.5 சென்ரிமீற்றருக்குக் குறையாத மூன்று கிளைகள் இருக்க வேண்டும் என்ற விதி 2017இல் அந்தப் பகுதியில் பரீட்சார்த்தமாக வந்திருந்தது. இளசுகள் தப்பி முதிரட்டும் என்பதுதான் நோக்கம். சட்டம் அவனைக் காப்பாற்றியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவன் போனான்.

மான் கொம்பு மாட்டுக் கொம்பு மாதிரி இல்லை. வருடா வருடம் விழுந்து, வருடா வருடம் முளைக்கும். வசந்தத்தில் முளைத்து, வெல்வெற் போன்ற தோல் போர்த்தி, கோடை முழுவதும் வளரும். செப்ரம்பரில் மரத்தில் தேய்த்துத் தேய்த்து அந்தத் தோலை உரிக்கும். குளிர்காலத்தில் கொம்பு கழன்று விழும். அதனால் கொம்பை வைத்து மட்டும் ஒரு மானை அடுத்த வருடம் அடையாளம் காண்பது கடினம். காது அப்படியல்ல. கிழிந்த காது கிழிந்ததுதான். வீட்டில் பிள்ளைகள் அவனுக்குக் கிழிகாதன் என்று பெயர் வைத்தார்கள்.

2019 வசந்தத்தில், பனி கரைந்த பிறகு, ஊசியிலை மரங்களுக்குக் கீழே கழன்று விழுந்த கொம்பொன்றைக் கண்டெடுத்தேன். இரண்டு கிளை. அவனுடையதாக இருக்க வேண்டும். இன்றும் எங்கள் புத்தக அலுமாரியில் இருக்கிறது. அந்த வருடம் நவம்பரில் அவனை மறுபடியும் கண்டேன். மங்கின வெளிச்சம், நடுவில் சிறு பற்றைகள். மூன்றாவது கிளை இருக்கிறதா என்று எண்ண முடியவில்லை. துவக்கை இறக்கி வைத்தேன். காயப்பட்டு ஓடி, இரவெல்லாம் குளிரில் கிடந்து சாகும் ஒரு மிருகத்தை என் கணக்கில் வைக்க நான் விரும்பவில்லை.

2020இல் கோவிட். மொன்றியல் சிவப்பு வலயம். வேறு பிரதேசங்களுக்குப் போகவேண்டாம் என்று அரசாங்கம் கேட்டுக்கொண்டது. ஆராதனையே கணினித் திரையில்தான். பண்ணைக்கார ஐயா நான் மரத்தில் கட்டிவைத்திருந்த கமராவின் படங்களை அனுப்பினார். எட்டுக் கிளை. கழுத்து மாட்டுக் கழுத்துப்போல் தடித்திருந்தது. நவம்பர் நடுப்பகுதி இணைசேரும் காலம். அப்போது கலைகளின் கழுத்து அப்படித் தடிக்கும். அந்தப் படத்தை ஒரு நாளைக்கு எத்தனை தரம் பார்த்தேன் என்று மனைவியைக் கேட்டால் சொல்லுவா.

2021இல் அவனுக்கு நாலரை வயது. கலைகளில் பெரும்பாலானவை அந்த வயதை எட்டுவதில்லை. எட்டியவை புத்தியுள்ளவை. கோடையிலும் செப்ரம்பரிலும் எடுத்த படங்கள் எல்லாமே இரவு பத்து மணிக்குப் பிறகு. பகலில் கிழக்குப் பக்கத்துக் கல்மதிலுக்கு அப்பால், அயலவரின் மேப்பிள் தோப்பில் படுத்திருக்கிறான். இருட்டிய பிறகு எங்கள் பக்கத்துக்கு வருகிறான். காற்று எங்கிருந்து அடிக்கிறதோ அதற்கு எதிராக நடப்பான். முன்னால் இருப்பதை மூக்கு சொல்லிவிடும். நான் காற்றின் திசையை எழுதிவைக்க ஒரு கொப்பி வாங்கினேன்.

ஒரு சின்னச் சொல்

ஒக்ரோபரில் விறகு அடுக்கப் போயிருந்தபோது, அந்த மேப்பிள் தோப்புக்காரர் மதிலடியில் நின்று கதைத்தார். அந்த வருடம் தன் மகள் முதல் தரம் வேட்டைக்கு வருகிறாள் என்றார். பதினைந்து வயது. சோதனை பாஸ்பண்ணிவிட்டாளாம், தகப்பனோடு கூடப் போவாளாம். பிறகு சும்மா கேட்டார்:

"பெரிய கலை ஏதாவது உன் கண்ணில் பட்டதா?"

"இல்லை" என்றேன்.

பிரெஞ்சு மொழியில் எனக்கு அதிகம் வராது. அந்த ஒரு சொல் மட்டும் சுத்தமாக வந்தது.

காரில் திரும்பும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. மானைப் பற்றி அயலவனுக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. "இருக்கலாம்" என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நான் பொய் சொன்னேன். அந்த மான் என்னுடையது என்று மனதுக்குள் எப்போதோ எழுதிக்கொண்டேன். பத்தாம் கட்டளை அயலானுடைய பொருளை இச்சிக்கக் கூடாது என்கிறது. நானோ யாருக்குமே சொந்தமில்லாத ஒன்றை இச்சித்து, அதற்காக அயலானிடம் பொய் சொன்னேன்.

சனிக்கிழமை

நவம்பர், இரண்டாம் வாரம். ஞாயிறு ஆராதனைக்கு வந்துவிட வேண்டும் என்பதால் எனக்கிருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். விடியற்காலையிலிருந்து பரணில் இருந்தேன். ஒரு பிணையும் அந்த வருடக் குட்டியும் வந்து, அப்பிள் மரத்தடியில் மேய்ந்து போயின. பின்னேரம் காற்று திரும்பி மேற்கிலிருந்து அடித்தது. என் வாடை நேரே தோப்புக்குள் போகிறது என்று தெரிந்தது. அவன் என் பக்கம் வரமாட்டான். நாலு மணி ஆக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

மதிலுக்கு அப்பால் ஒரு வெடி. ஒன்றே ஒன்று.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் ஒன்று அசைந்தது. தோப்புக்காரர் கூப்பிட்டார், இழுக்க ஒரு கை வேணும் என்று. போனேன். விழுந்த இலைகளுக்கு மேல் கிழிகாதன் கிடந்தான். பக்கத்தில் அந்தப் பிள்ளை முழங்காலில் இருந்தாள். அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். ஒரே வெடி, நெஞ்சில். முப்பது அடி ஓடவில்லை.

ஏசா வேட்டை இறைச்சியோடு திரும்பி வந்தபோது, ஆசீர்வாதம் ஏற்கெனவே வேறொருவனுக்குப் போயிருந்தது. அவன் மிகவும் மனங்கசந்து அலறினான் என்று ஆதியாகமம் சொல்கிறது. ஓய்வுநாட் பாடசாலையில் அந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து ஏசாவை நான் முட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவன் பக்கத்தில் நின்றேன்.

தகப்பன் தாடையைத் திறந்து பல்லுத் தேய்வைப் பார்த்தார். "நாலரை இருக்கும்" என்றார்.

"நாலரைதான்" என்றேன். "2018இல் இருந்து எனக்கு இவனைத் தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒக்ரோபரில் நான் சொன்னது அவருக்கும் நினைவிருந்திருக்கும். "உங்களிடம் பொய் சொன்னேன், மன்னியுங்கள்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். அது மன்னிப்பா, பகிடியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குடலை நீக்கியபின் இரத்தம் நிலத்தில் கிடந்தது. வேட்டையாடுகிறவன் இரத்தத்தை ஊற்றி மண்ணால் மூட வேண்டும் என்று லேவியராகமம் 17இல் இருக்கிறது. உயிர் கொன்றவனுடையது அல்ல என்பதற்காக. நான் காலால் இலையையும் மண்ணையும் தள்ளி மூடினேன். ஏன் என்று பிள்ளை கேட்டாள். சொன்னேன். அவளும் குனிந்து ஒரு கை மண் அள்ளிப் போட்டாள். பிறகு மூன்று பேருமாக இழுத்தோம்.

யாருடைய மான்?

வேட்டைக்காரருக்குள் கொம்பை அளந்து புள்ளி போடும் வழக்கம் உண்டு. வழக்கமான வடிவக் கொம்புள்ள வெண்வால் மானில் உலக சாதனை கனடாவில்தான் இருக்கிறது. 1993 நவம்பர் 23 அன்று, சஸ்கற்சுவான் மாகாணத்தில் பிகர் என்ற ஊருக்குக் கிட்ட, மைலோ ஹன்சன் என்ற விவசாயி சுட்டது: 213 5/8 புள்ளி. அவரும் தனியே போகவில்லை. அயலவரோடு சேர்ந்து போன வேட்டையில்தான் அது கிடைத்தது. எங்கள் கிழிகாதன் அந்தக் கணக்குக்குக் கிட்டவும் வரமாட்டான். ஆனால் நான்கு வருடம் பார்த்த கண்ணுக்கு அவன்தான் பெரியவன்.

ஒருவரை நீண்ட காலம் தெரிந்திருந்தால் அவர் நம்முடையவர் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறோம். வேலையிலும் அப்படி, சிநேகத்திலும் அப்படி, சபையில் நாம் வழமையாகச் செய்யும் ஊழியத்திலும் அப்படி. காத்திருந்தது நான், ஆகவே கிடைக்க வேண்டியதும் எனக்கு என்று கணக்குப் போடுகிறோம். அந்த நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்தது கொஞ்சமல்ல: காற்றைக் கவனிக்கக் கற்றேன், நிச்சயமில்லாதபோது துவக்கை இறக்கக் கற்றேன். அதெல்லாம் கூலி கேட்பதற்காக அல்ல என்பதைத்தான் பிந்திக் கற்றேன்.

அடுத்த கிழமை தோப்புக்காரர் ஒரு பின்னந்தொடையைப் பொதிசெய்து பண்ணையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நீங்கள் நத்தாருக்குச் சாப்பிட்ட கறி அதுதான். நான் நான்கு வருடப் படங்களையும் பெரிதாக அச்சடித்து அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தேன். இரண்டு கிளைக் குட்டிக் கொம்போடு நின்ற முதல் படத்தைத்தான் அவள் கனநேரம் பார்த்தாள்.

புத்தக அலுமாரியில் இருக்கும் அந்தக் கொம்பை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று தெரியும். செப்ரம்பரில் விறகு அடுக்கப் போகும்போது காரில் எடுத்து வைக்கும்படி மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். நான் மறந்தாலும் அவ மறக்கமாட்டா.