கிழட்டு மோட்டாருக்கு மறுவாழ்வு!

வலங்கைமான் என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, மாரியம்மன் கோயில் பாடைக் காவடி. மற்றொன்று, வாணவேடிக்கை. கோயில் திருவிழாவானாலும் கல்யாண ஊர்வலமானாலும் தஞ்சைச் சீமையில் வலங்கைமான் வெடிக்குத் தனி மவுசு உண்டு.

அந்த வெடிக்கும் மோட்டார் வண்டிக்கும் தாயாதி உறவு என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக் கூடாது. மோட்டார் என்ஜின் என்பது என்ன? இரும்புக் குழாய்க்குள் அடைத்து வைத்து, அளவோடு கொளுத்துகிற வெடிதான்! நான்கு சிலிண்டர் உள்ள கார் என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், அந்த ஒரு நிமிஷத்தில் உள்ளே 6,000 தடவை நெருப்புப் பற்றியிருக்கிறது என்று கணக்கு. அந்த நெருப்பு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நாம் சௌக்கியமாகக் கும்பகோணம் போய்ச் சேருகிறோம்.

இந்தச் சூட்சுமத்தில் மனத்தைப் பறிகொடுத்தவர்கள் சிலர் உண்டு. ஐம்பது, அறுபது வருஷத்துக் கிழ வண்டியைத் தேடிப் பிடித்து, பிரித்து, துடைத்து, மறுபடி ஓட வைப்பதே அவர்களுக்கு இன்பம். சம்பாதிப்பதற்காக அல்ல, கைப்பணத்தைச் செலவழித்துத்தான்!

பிரித்துப் பார்த்த பையன்

நம் தமிழ்நாட்டில் இந்தக் கூட்டத்துக்கு மூத்தவர் யார் என்று கேட்டால், கோயமுத்தூர் ஜி.டி. நாயுடுவைத்தான் சொல்ல வேண்டும். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கிப் போனார். கோயமுத்தூரில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த மாதிரி வண்டி ஒன்றை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றினாரா? இல்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடி பூட்டினார். அதுதான் அவர் படித்த படிப்பு! 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். அந்தப் பஸ்ஸே யு.எம்.எஸ். என்ற பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது. அவருடைய பெயரால் கோவை அவிநாசி சாலையில் 2015-ல் திறக்கப்பட்ட கார் மியூசியத்தில், பல தேசத்துக் கிழக் கார்களை இன்றும் பார்க்கலாம்.

சென்னையும் சளைத்ததல்ல. சிம்ப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-லேயே நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டினார். அண்மையில், 2023-ல், வடபழனி ஏவி.எம். ஸ்டூடியோவில் சினிமாக் கருவிகளோடு பழைய கார்களையும் சேர்த்து மியூசியமாகத் திறந்திருக்கிறார்கள்.

கரியில் ஓடிய பஸ்

தஞ்சை ஜில்லாவின் மோட்டார் சரித்திரமும் பழையதுதான். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. அப்போது அவருடைய கம்பெனி ஓர் உபாயம் செய்தது. அதுதான் டி.வி.எஸ். 'காஸ் பிளாண்ட்'.

வண்டியில் ஓர் இரும்பு உலையைப் பொருத்தி, அதில் மரக்கரியை நிரப்புவார்கள். காற்றைக் குறைவாக விட்டுக் கரியைக் கனிய வைத்தால் எரியும் வாயு ஒன்று கிளம்பும். அந்த வாயுவை வடிகட்டி, ஆற வைத்து, என்ஜினுக்குள் விட்டால் வண்டி ஓடும். பெட்ரோலில் கிடைக்கும் வேகம் கிடைக்காது. கிளம்புவதற்கு முன்னால் உலையை ஊதிக் காத்திருக்க வேண்டும். ஆனாலும் பிரயாணம் நிற்கவில்லை!

யுத்தத்துக்குப் பிறகு பஸ் என்பது தங்கச் சுரங்கமாகிவிட்டது. ஐந்து பஸ் பெர்மிட்டுகளுக்காகக் கும்பகோணம் ராமன் அண்ட் ராமன் கம்பெனியும் எதிர்த் தரப்பும் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். தீர்ப்பு 1952-ல் வந்தது. பின்னர் பஸ்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறி, 1972-ல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது.

வறண்ட ஏரியில் ஓட்டப் பந்தயம்

கிழ வண்டிப் பிரியர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒரு சாரார், கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பவர்கள். ஒரு திருகாணி மாறினாலும் அவர்களுக்குத் தூக்கம் வராது. மற்றொரு சாராருக்கு வேகம்தான் முக்கியம். கிழ உடம்பு, புது இருதயம்! இப்படி மாற்றிய வண்டிக்கு அமெரிக்காவில் 'ஹாட் ராட்' என்று பெயர்.

நம்மூரில் ஏரி வறண்டால் பையன்கள் பந்து விளையாடுவார்கள். கலிபோர்னியாவில் வறண்ட ஏரிப் படுகைகளில் வாலிபர்கள் மோட்டார் ஓட்டினார்கள். 1932-ல் வந்த ஃபோர்டு வி-8 என்ஜின் அவர்களுக்கு வரப்பிரசாதம். மட்கார்டைக் கழற்று, எடையைக் குறை, என்ஜினை முடுக்கு. இதுவே அவர்களுடைய மந்திரம்.

நம் நாட்டில் அந்த வேலை சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் நடந்தது. யுத்த காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல் ஏற்பட்ட சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். ஆகவே, கிடைத்த என்ஜினைக் கிடைத்த சட்டத்தில் பொருத்திச் சொந்தமாகவே பந்தயக் கார் செய்து கொண்டு வந்தார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புது மைதானம் வந்தது. கோவை கரிவரதன் மாருதி 800 காரின் என்ஜினைக் கொண்டே 'ஃபார்முலா மாருதி' என்ற பந்தயக் காரை உருவாக்கினார். அவர் 1995-ல் மறைந்தார். கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்திலுள்ள பந்தய மைதானம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வைத்தியம் எப்படி?

பல வருஷம் கொட்டகையில் தூங்கிய வண்டியைக் கண்டதும் சாவியைப் போட்டுத் திருகுவது மகா தவறு. பிஸ்டன் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் மெல்லிய எண்ணெயை விட்டுச் சில நாள் ஊற வைக்க வேண்டும். பிறகு ஹாண்டிலைப் போட்டுக் கையால் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் பாதி வியாதி தீர்ந்தது.

அடுத்து பெட்ரோல் டாங்கியின் துரு, கார்புரேட்டரின் அடைப்பு, பாயிண்டின் இடைவெளி என்று ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் போர் போட்டுப் பெரிய பிஸ்டன் மாட்ட வேண்டும். ஆஸ்டின் ஏ-40 போன்ற ஆங்கிலேய வண்டிகளில் இன்னொரு வேடிக்கை. பாட்டரியின் பாஸிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு சேரும். இன்றைய வழக்கப்படி மாற்றிக் கொடுத்தால் ஆபத்து!

உதிரிப் பாகம் கடையில் கிடைக்காது. வார்த்துத்தான் எடுக்க வேண்டும். இதற்கு ஊர் ஊராய் அலைய வேண்டுமா? வலங்கைமானுக்குப் பக்கத்துக் கும்பகோணத்தில் பித்தளை வார்ப்பு வேலை உண்டு. சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றிச் சிலை செய்கிறார்கள். இன்றைய யந்திரத் தொழிற்சாலைகள் நுட்பமான பாகங்களை வார்ப்பதும் இதே தத்துவத்தில்தான். காவிரிக் கரையில் கைத்திறமைக்குப் பஞ்சமில்லை.

லாரிக்கு இடமில்லை!

இங்கேதான் கவலைப்பட வேண்டிய விஷயம் வருகிறது. மத்திய அரசாங்கம் 2021-ல் புது விதி செய்தது. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு, நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டும் ரோட்டில் ஓட்டலாம். கிழ வண்டிக்குச் சட்டத்தில் ஒரு திண்ணை கிடைத்தது என்று பிரியர்கள் மகிழ்ந்தார்கள்.

ஆனால் அந்தத் திண்ணையில் எல்லோருக்கும் இடம் உண்டா? சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு மட்டுமே உண்டு. சட்டத்தையோ கூட்டையோ என்ஜினையோ பெரிதாக மாற்றியிருந்தால் இல்லை. ஆகவே 'ஹாட் ராட்' வெளியே. லாரிக்கும் பஸ்ஸுக்கும் இல்லை.

தஞ்சை ஜில்லாவின் மோட்டார் சரித்திரம் யாருடையது? பங்களா வாசலில் நின்ற காருடையதா? களத்து நெல்லை மில்லுக்கும், மில் அரிசியைச் சந்தைக்கும் சுமந்த லாரியுடையது அல்லவா? எண்ணூரில் உருவான லேலண்ட் காமெட்டும், 1954-க்குப் பின் வந்த டாட்டா பென்ஸும் இந்த மண்ணுக்குச் செய்த சேவைக்கு எந்த ராஜாவின் காரும் ஈடாகாது. ஆனால் கார் மெருகு ஏறி மியூசியத்துக்குப் போகிறது. லாரி காயலான் கடைக்குப் போகிறது. ஃபில்டர் பாயிண்டில் தண்ணீர் இறைத்துக் குறுவையைக் காப்பாற்றிய ஆயில் என்ஜின்களின் கதியும் அதுதான். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்ததும் அவை மூலைக்குப் போய்விட்டன.

இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். கரும்பிலிருந்தும், உணவுக் கழகத்தின் உபரி அரிசியிலிருந்தும்கூட எத்தனால் வடிக்கிறார்கள். விளைவித்தவனுக்கு நல்லதுதான். ஆனால் அந்தக் காலத்து ரப்பர் குழாயும் வாஷரும் எத்தனாலைத் தாங்கிச் செய்யப்பட்டவை அல்ல. குழாயை மாற்றாமல் ஓட்டினால் கசியும். கசிந்தால் தீ விபத்து நேரலாம்.

என்ன செய்யலாம்? வீட்டுக் கொட்டகையில் கிழ வண்டி இருந்தால், எடைக்குப் போடுமுன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். என்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் குறித்துப் போட்டோ எடுத்து வையுங்கள். தாள் இல்லாத வண்டி வெறும் இரும்புதான். தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் ஆளுக்கொரு பழைய லாரியை வாங்கி, ஊரிலுள்ள வயதான மெக்கானிக்குகளை அழைத்து, பையன்கள் கையால் பிரித்துப் பூட்டச் சொல்லலாம். ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லாவிட்டால் பாதகமில்லை, வளாகத்துக்குள் ஓடட்டும்.

சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் காது படைத்த மெக்கானிக்குகள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். பழைய இரும்பை நாளைக்கும் தேடிக்கொள்ளலாம். அந்தக் காதுகளை நாளைக்குத் தேடினால் கிடைக்காது.