சல்லிக் கணக்கும் குதக் கணக்கும்

திருகோணமலைக்கு வடக்கே கடலோரத்தில் சல்லி என்றொரு சிற்றூர் உண்டு. சல்லி என்பது நம் வழக்கில் சிறு காசுக்கும் பெயர். நம் கரைவலைத் தொழிலில் ஒரு நல்ல வழக்கம் நிலவுகிறது: வருவாயைப் பகிரும்போது இழுத்தவர்க்கு மட்டுமன்றி வலைக்கும் ஒரு பங்கு உண்டு. வலையைப் பேணாதவன் நாளை மீனுக்கு எங்கே போவான்?

இக்கணக்கை மனத்திற் கொண்டு, அதே மாவட்டத்துச் சீனன்குடாவை நோக்குவோம். பிரித்தானியர் தம் கடற்படைக்கென அமைத்த எண்ணெய்க் குதங்களுள் 99 அங்கே எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். கடற்படைத் தளம் 1957-இல் இலங்கையிடம் வந்தது. குதங்களும் பின்னர் பொதுவுடைமையாயின. ஆயினும் அவற்றுட் பல நெடுங்காலம் காட்டினுள் துருவேறிக் கிடந்தன.

2003-இல் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துடன் செய்த ஏற்பாட்டின்படி ஆண்டுக் குத்தகை 1,00,000 டொலர். வகுத்துப் பாருங்கள்: குதமொன்றுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,010 டொலர்! 2022 சனவரியில் புதிய ஒப்பந்தம் எழுந்தது. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இரண்டும் சேர்ந்த நிறுவனத்துக்கு 61. அந்நிறுவனத்தில் 51 விழுக்காடு கூட்டுத்தாபனத்தின் பங்கு.

பிறநாட்டாரிடம் கொடுக்கலாமா என்பதே மேடைகளில் முழங்கிய வினா. நியாயமான வினாதான், ஆனால் முழுமையான வினா அன்று. யாரிடமும் கொடாமல் துருப்பிடிக்க விடுவதும் ஒருவகை இழப்பே. வருவாய்க்கு வழி காணல், ஈட்டல், காத்தல், பகுத்துச் செலவிடல் என்னும் நான்கையும் வள்ளுவர் அரசின் கடமையாக வைத்தார். குத்தகைப் பணம் எவ்வளவு, பேணுவதற்கு எவ்வளவு, திருகோணமலை மக்களுக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் வெளிப்படையாக உரைப்பதே அக்கடமையின் தொடக்கம்.

உடைமை ஈட்டாததை அரசு எங்கே தேடும்? 2024 சனவரியில் பெறுமதி சேர் வரி 15 விழுக்காட்டிலிருந்து 18 ஆயிற்று. கடையில் பொருள் வாங்கும் ஏழையும் செல்வரும் ஒரே விகிதத்தில் அதனைச் செலுத்துகின்றனர். சல்லிக் கரையில் வலைக்குப் பங்கு வைப்போர்க்கு, தம் குதங்களின் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு.